ஸ்டவ் இல்லாத வீடு

எங்கள் ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேடு என்று நீளமான ஒரு நோட்டு இருந்தது. தீக்காயத்தோடு வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதில் ஒரே காரணம்தான் எழுதியிருக்கும்: வீட்டில் ஸ்டவ் வெடித்தது. சிவகாசிப் பக்கத்து ஸ்டவ்வுகளுக்கு நல்ல ஒழுக்கம். காலை எட்டு மணிக்கு மேல்தான் வெடிக்கும், சாயங்காலம் ஐந்துக்குள் வெடித்து முடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை லீவு. தீபாவளி நெருங்க நெருங்க அடிக்கடி வெடிக்கும். தீபாவளி முடிந்துவிட்டால் ஒரு மாசத்துக்கு ஊரில் எந்த ஸ்டவ்வும் வெடிக்காது. இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு ஏட்டோ, ஒரு அதிகாரியோ, "இது என்ன கூத்து" என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

நானும் கேட்டதில்லை. அந்த நோட்டில் நாலு வருஷத்துக்கு இருந்த கையெழுத்தே என்னுடையதுதான். முத்து முத்தாக எழுதுகிறேன் என்று டாக்டர் அந்த வேலையை என்னிடம் கொடுத்திருந்தார். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த நேரம். விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற ஸ்டாஃப் நர்ஸ் நான். அப்பாவுக்கு, அத்தா என்றுதான் கூப்பிடுவேன், பஜாரில் சாக்குக் கடை. எங்கள் சொந்தத்தில் படித்து வேலைக்குப் போன முதல் பெண் என்பதால், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் வெள்ளை யூனிபாரத்தைப் பற்றிப் பேசாமல் அவருக்குப் பொழுது போகாது.

ஆள் வருவது கம்பெனி லோடு வேனில். கூடவே போர்மேன் வருவார். பேச வேண்டியதையெல்லாம் வேனிலேயே பேசி முடித்திருப்பார்கள். நான் படுத்திருக்கிறவரைப் பார்த்து, "எங்கன வச்சு ஆச்சு?" என்று கேட்பேன். பதில் போர்மேனிடமிருந்து வரும்.

"ஸ்டவ்வு சிஸ்டர். எழுதிக்கோங்க."

நான் டாக்டரைப் பார்ப்பேன். டாக்டர் நாடியைப் பிடித்தபடியே தலையை ஆட்டுவார். எழுதிவிடுவேன். பட்டாசுக் கம்பெனியில் விபத்து என்று எழுதினால் போலீஸ், தாசில்தார், தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் என்று வரிசையாக வருவார்கள். லைசென்ஸ் போகும், சீசனும் போகும். ஸ்டவ் என்று எழுதினால் ஒரு ஏட்டு மட்டும் வருவார். டீ குடித்துவிட்டு, வீட்டு ஆளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

டாக்டரைக் கெட்டவர் என்று ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிட முடிந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும். கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். இல்லாதவர்களிடம் ஃபீஸ் கேட்க மாட்டார். ஆஸ்பத்திரிக்கு மாடி எழுப்பிக் கொடுத்தது பட்டாசு முதலாளிகள் என்பது ஊருக்கே தெரியும். "ஊருக்கு வேலை குடுக்கிறவங்க சிஸ்டர். அவங்களை மூடிட்டா இந்த ஜனம் எங்க போகும்?" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நானும் நியாயம் என்றுதான் நாலு வருஷம் நம்பினேன். இன்றைக்கு அந்த நியாயத்தை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புரட்டாசி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளைக் கொண்டுவந்தார்கள். தாயில்பட்டிப் பக்கத்துக் கிராமம். இருபத்திரண்டு வயசு இருக்கும். கல்யாணமாகி மூன்று வருஷம், ஒன்றரை வயசில் ஒரு பெண் குழந்தை. போர்மேன் "ஸ்டவ்வு" என்றார். டாக்டர் தலையை ஆட்டினார். நான் எழுதினேன்.

பிறகு அவளைக் கழுவினேன். கழுவக் கழுவத் தண்ணீர் வெள்ளி நிறத்தில் ஓடியது. அலுமினியப் பவுடர். நகக்கண்ணில், காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், எங்கே தொட்டாலும் அதுதான். தலைமுடியில் திரி நூலின் துணுக்குகள் கருகி ஒட்டியிருந்தன. அவளுக்கு நல்ல நினைவு இருந்தது. நான் கேட்காமலே சொன்னாள்.

"ஆறாம் நம்பர் ரூமு சிஸ்டர். மத்தவுக சாப்பிடப் போயிட்டாக. ஆர்டர் கெடக்கு, இந்த லோடை முடிச்சிட்டுப் போன்னு போர்மேன் சொன்னாக. அதான் உக்காந்திருந்தேன்."

"சரி, பேசாத. வலிக்கும்."

"பால் மறக்காத பிள்ளை. தேடும்."

நர்ஸ் குறிப்பு என்று ஒரு தாள் உண்டு. எத்தனை மணிக்குக் காயத்தைக் கழுவினோம், என்ன கண்டோம், என்ன ஊசி போட்டோம், நோயாளி என்ன சொன்னார் என்று அதில் எழுத வேண்டும். கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை அப்படியே எழுது என்றுதான் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஷிப்ட் மாறுகிறபோது அடுத்த நர்ஸ் ஊசி மருந்து வரியை மட்டும் பார்ப்பாள். மற்றதை யாரும் படிப்பதில்லை. அதனால், பதிவேட்டில் ஸ்டவ் என்று எழுதிய அதே பேனாவால் அந்தத் தாளில், "இரு கைகள், கழுத்து, முகத்திலிருந்து வெள்ளிப் பொடி கழுவி எடுக்கப்பட்டது. தலைமுடியில் திரி நூல். ஆறாம் எண் அறையில் வேலை செய்யும்போது தீப்பிடித்ததாக நோயாளி கூறுகிறார்" என்று எழுதினேன். தைரியத்தில் எழுதியதாக யாரும் நினைக்க வேண்டாம். கை பழக்கத்தில் எழுதியது.

உடம்பில் பாதிக்கு மேல் வெந்திருந்தது. அப்படிப்பட்ட கேஸை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் தரை துடைத்த அம்மாவுக்குக்கூட அது தெரியும். ஆனால் மதுரைக்குப் போனால் அங்கே மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் வாங்குவார். அவள் வாயைத் திறந்தால் ஆறாம் நம்பர் ரூம் வெளியே வந்துவிடும். "இங்கேயே பாத்துக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாக்குமூலம் கொடுக்கும் நிலையில் இல்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதினார். அவர் அதை எழுதிக்கொண்டிருந்தபோது, அந்த ரூமுக்குள் அவள் என்னிடம் ஒரு வாய் காப்பி கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுடைய புருஷன் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். ஒரு பெரிய வீட்டுக்காரரின் காட்டில் உழுதுகொண்டிருந்தவர். காலில் கரிசல் மண் காயக்கூட இல்லை. போர்மேன் அவரை மாடிப்படிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனார். நான் மருந்து எடுக்கப் போகிற சாக்கில் கேட்டேன்.

"ஸ்டவ்வுன்னு சொல்லிரு. வைத்தியம் பூராம் முதலாளி பாத்துக்கிடுவாக. கம்பெனின்னு சொன்னேன்னு வையி, நாளைக்கே பூட்டிருவான். உன் ஒருத்தனால ஊரே வேலை இல்லாம நிக்கும். அம்புட்டுப் பேரும் உன்னியத்தான் ஏசுவான்."

ஏட்டு வந்ததும், நீட்டிய இடத்தில் புருஷன் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னிடம் வந்து, "பொழச்சுக்கிடுவாளா தாயி?" என்று கேட்டார்.

"டாக்டர் நல்லாப் பாக்காங்க. பயப்படாதீக" என்றேன்.

ஆறாம் நாள் அவள் செத்துப்போனாள்.

இதோடு முடிந்திருந்தால், சொல்லவே வாய் கூசுகிறது, நான் அடுத்த நாளும் யூனிபாரம் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். அடுத்த ஸ்டவ்வையும் எழுதியிருப்பேன். முடியவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தீயில் செத்தால் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும். டாக்டருக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் அவர் அவளை ஒரு பட்டாசு கேஸாக மட்டும்தான் பார்த்திருந்தார். அவள் ஒருத்தரின் பெண்டாட்டி என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

போலீஸ் வெடித்த ஸ்டவ்வை எடுக்க அவள் வீட்டுக்குப் போனது. வீட்டில் ஸ்டவ் இல்லை. வெடித்ததும் இல்லை, வெடிக்காததும் இல்லை. அந்த வீட்டில் என்றைக்குமே ஸ்டவ் இருந்ததில்லை. பருத்திமாரும் வேலிக்கருவை முள்ளும் வைத்து எரிக்கிற மண் அடுப்பு ஒன்றுதான், அதுவும் வீட்டுக்கு வெளியே, வேப்பமரத்துக்குக் கீழே. போர்மேன், டாக்டர், நான், மூன்று பேரும் பம்ப் அடித்து ஸ்டவ் பற்றவைக்கிற வீட்டில் பிறந்தவர்கள். பொய் சொல்லும்போதுகூட எங்களுக்கு எங்கள் வீட்டு அடுப்புதான் ஞாபகம் வந்தது. அவர்கள் வீட்டில் எதில் சோறு பொங்குகிறார்கள் என்று நாலு வருஷத்தில் நான் ஒருத்தரிடமும் கேட்டதில்லை.

"எங்க பிள்ளைய எரிச்சுப்புட்டு ஸ்டவ்வுங்கான். எங்கனலே இருக்கு ஸ்டவ்வு? காட்டுலே" என்று அவளுடைய அண்ணன் போலீஸ் முன்னாலேயே மச்சினன் சட்டையைப் பிடித்தாராம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்டவ் வெடித்தது என்று கையெழுத்துப் போட்டிருக்கிற புருஷன், ஸ்டவ்வே இல்லாத வீடு, கருகிச் செத்த தங்கச்சி. வேறு என்னவென்று அவர் நினைப்பார்? புருஷன் அப்போதுதான் கம்பெனி என்று சொன்னார். கம்பெனி வருகை நோட்டில் அன்றைக்கு அவள் பெயரே இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அதே கேட்டுக்குள் நுழைய வேண்டியவர்கள் அவர்கள். புருஷனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெண்டாட்டியைக் கொளுத்தியவன் என்று ஊர் முழுக்கப் பேச்சு.

இரண்டு நாள் கழித்து டாக்டர் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். அவர் மேஜையில் என் நர்ஸ் குறிப்பு இருந்தது. விசாரணைக்குக் கொடுக்க வேண்டும் என்பதால் முதல் தடவையாக அதை ஒருவர் படித்திருந்தார்.

"சிஸ்டர், என்ன இது, கதை மாதிரி எழுதி வச்சிருக்கீங்க? இதை எடுத்துட்டு வேற தாள்ல எழுதிக் குடுத்துருங்க. பொடி, திரி, அதெல்லாம் வேண்டாம்."

"சரி சார்."

"அப்புறம், சேலையில மண்ணெண்ணெய் வாடை இருந்ததுன்னு ஒரு வரி சேர்த்துருங்க. ஸ்டவ்னா வாடை இருக்கணும்ல."

"சார், அவுக வீட்டுல ஸ்டவ்வே இல்லைன்னு போலீஸ் சொல்லுது. மண்ணெண்ணெய்னு எழுதினா அந்த ஆளு ஊத்திக் கொளுத்துனதாத்தானே ஆகும்?"

"அது போலீஸ் பாத்துக்கிடுவாங்க. நம்ம ரெக்கார்டு சுத்தமா இருந்தாப் போதும்."

இதைச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியை அனுப்பச் சொன்னார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. அவர் அந்த மனுஷனை வேண்டுமென்று மாட்டிவிடப் பார்த்தார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அவருக்கு அந்த மனுஷன் கண்ணில் படவே இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பதில் வேண்டுமென்றே செய்திருந்தால்கூட நான் இவ்வளவு ஆத்திரப்பட்டிருக்க மாட்டேன்.

நாளைக்கு எழுதித் தருகிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டு, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எழுதவில்லை. டாக்டர் கேட்கும்போதெல்லாம் நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். ஆனால் நேராக அதிகாரியிடம் போய்ச் சொல்லவும் துணிச்சல் வரவில்லை. மனுநாள் அன்றைக்கு லீவு போட்டு, டவுன் பஸ்ஸில் சூலக்கரைக்குப் போய், கலெக்டர் ஆபீஸ் மனுப்பெட்டியில் ஒரு மொட்டைப் பெட்டிஷன் போட்டேன். ஆறாம் நம்பர் ரூம், லோடு வேன், தலையாட்டல் என எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். பெயர் மட்டும் எழுதவில்லை. கலெக்டர் படிப்பார், ஜீப் கிளம்பும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சோறு சாப்பிட்டேன்.

பெட்டிஷன் பத்து நாளில் வந்து சேர்ந்தது, டாக்டர் மேஜைக்கு. கலெக்டர் ஆபீஸ் அதைச் சுகாதாரத் துறைக்கு அனுப்பியது. சுகாதாரத் துறை, "உரிய விளக்கம் அளிக்கவும்" என்று ஒரு சீல் குத்தி, யார் மேல் எழுதியிருந்தேனோ அவருக்கே அனுப்பிவிட்டது. திருடனைப் பற்றிச் சொன்னால் திருடனிடமே போய், ஐயா இப்படிச் சொல்கிறார்கள், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிற அரசாங்கம். அந்தச் சீலைக் குத்திய கை எதுவென்று தெரிந்தால் இன்றைக்கும் போய் நாலு வார்த்தை கேட்பேன்.

டாக்டர் பதிவேட்டைத் திறந்து வைத்து, பக்கத்தில் என் பெட்டிஷனை வைத்தார். "முத்து முத்தான எழுத்துன்னு நான்தானே சொன்னேன்" என்றார். டைப் அடித்துக் கொடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாத மண்டு நான். அன்றைக்கே வேலை போனது. தாள் எங்கே என்று கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன். அவரிடம் நான் சொன்ன ஒரே உருப்படியான பொய் அது.

வீட்டில் அம்மா அழுதாள். அத்தா கடையிலிருந்து வந்ததும் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நம்ம கடையில சாக்கு எடுக்கிறவுக பாதிப் பேரு அந்த ஊருக்காரவுக. வேலைதான் போயிருச்சே, பேசாம இரேன் ம்மா" என்றார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. எல்லாரிடமும் ஒரு நியாயம் இருந்தது. ஜெயிலில் உட்கார்ந்திருந்தவரிடம் மட்டும்தான் ஒன்றும் இல்லை. விசாரணைக்கு நான் போகத்தான் போகிறேன் என்று கத்தினேன். அத்தாவிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

கோட்டாட்சியர் விசாரணையில் என்னை யாரும் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கவில்லை. நானாகப் போய் வாசலில் நின்று, அந்தப் பெண்ணைக் கழுவிய நர்ஸ் என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே அவளுடைய அண்ணன், இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் புருஷன், முன்வரிசை நாற்காலியில் டாக்டர். அதிகாரி வயசானவர். பதிவேட்டையும் நான் கொடுத்த தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஸ்டவ் வெடிச்சதுன்னு இங்க எழுதியிருக்கிறது யாரு?"

"நான்தான் சார்."

"இந்தத் தாளு?"

"அதுவும் நான்தான்."

"ரெண்டுல எது பொய்?"

"பதிவேடு சார்."

"யார் சொல்லிப் பொய் எழுதுனீங்க?"

"டாக்டர் சொல்லி."

டாக்டர் எழுந்திரிக்கக்கூட இல்லை. "நான் எப்பம்மா சொன்னேன்? வாயைத் திறந்து ஒரு நாளாவது ஸ்டவ்னு எழுதச் சொல்லியிருக்கேனா?" என்று நிதானமாகக் கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். இல்லை. நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் வாயைத் திறந்து சொன்னதில்லை. தலையை ஆட்டியிருக்கிறார், அவ்வளவுதான். மண்ணெண்ணெய் வாடை சேர்க்கச் சொன்னதை வாய்விட்டுத்தான் சொன்னார், ஆனால் அந்த ரூமில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. அதைச் சொன்னபோது, "வேலையை விட்டு நிறுத்துன கோபம் சார்" என்று அதிகாரியிடம் சிரித்தார். எனக்கு அந்த நாற்காலியோடு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. நின்ற இடத்தில் நின்றுகொண்டு, வெள்ளித் தண்ணீர் ஓடியதை, திரி நூலை, போர்மேன் சாப்பிடப் போகவிடாமல் உட்காரவைத்ததை அவள் சொன்னபடியே சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், பாதியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அந்தத் தாளை வைத்துத்தான் புருஷனை விட்டார்கள். கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். அடுத்த சீசனுக்கு வேறு பெயரில் லைசென்ஸ் வாங்கித் திறந்துவிட்டார்கள். டாக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. தவறான பதிவு செய்ததற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது எனக்கு மட்டும்தான். எழுதியது நான்தானே. அதற்குப் பதில் எழுதவே எனக்கு ஒரு வருஷம் போனது.

ஒரு நாள் காலையில் அவளுடைய புருஷன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். அத்தா நாற்காலி போட்டார், உட்காரவில்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"கடேசில என்ன பேசினா, தாயி?" என்று கேட்டார்.

பிள்ளை தேடும் என்று சொன்னதைச் சொன்னேன். காப்பி கேட்டதைச் சொன்னேன்.

"நல்லாப் பேசினாளா?"

"பேசினாங்க. மூணு நாளு நல்ல நெனவாத்தான் இருந்தாங்க."

அவர் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டார். "இந்த மாதிரிக் கேஸை மதுரைக்குக் கொண்டு போகணுமாமே. ஜெயில்ல ஒருத்தர் சொன்னாரு. ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மொத நாளே தெரியுமா?"

"தெரியும்."

"நான் அந்த மாடிப்படியிலதானே தாயி உக்காந்திருந்தேன், ஆறு நாளா. நீங்க அம்புட்டுத் தடவை என்னியத் தாண்டித்தான் போனீக. காதோட ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா, தூக்கிட்டுப் போயிருப்பேனே."

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குத் திருப்பிச் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். குழந்தை சாக்குக் கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவர் அதன் கையை மெதுவாக விடுவித்து, "வாரேன்யா" என்று அத்தாவிடம் மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.